கிளேஸ் போடாத ஜாடி

எங்கள் எதிர் வீட்டு ஜோஸ்பின், மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள். சாயங்காலம்தான் திரும்பப் போடுவாள். இருக்கிற கரண்ட்டைத் தானே நிறுத்திக்கொள்கிற ஒரே பெண் விருத்தாசலத்தில் அவள்தான். அதற்கு அவள் வைத்த பேர் ஒத்திகை. நாங்கள் தெருவில் வைத்த பேரை எழுதினால் அந்த வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்காது.

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளை கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சில், முக்கி எடுப்பது அவள் வேலை. புருஷன் சாவியோ ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். நாலு வருஷத்துக்கு முன், கோடையில் இரண்டு நாள் கரண்ட் போய் ஃப்ரிட்ஜில் இருந்த மருந்து கெட்டுப்போனது. தெரியாமல் அதையே போட்டுக்கொண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த மூன்று நாளும் ஜோஸ்பின் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள்.

முதல் ஒத்திகைக்கு, லேசாகக் கோணிப்போனதால் கம்பெனியில் கழித்துப்போட்ட பளபளப்பான ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே ஈர மணல், நடுவில் மருந்து டப்பா, அதற்குள் ஒரு தெர்மாமீட்டர். முப்பது டிகிரியைத் தாண்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சாயங்காலம் பார்த்தால் முப்பத்தைந்து.

நான் அதே கம்பெனியில் சூளை பார்த்தவன். சும்மா இருப்பேனா?

"ஏம்மா, நாளெல்லாம் கிளேஸு போடறவ நீ. வழவழன்னு கிளேஸு போட்டா ஜாடிக்கு எப்பிடி வேர்க்கும்? வேர்த்தாத்தான குளிரும்?"

அவள் முகம் சிவந்துபோனது. அடுத்த மாதம் கிளேஸ் போடாமல் ஒரு தடவை மட்டும் சுட்ட ஜாடி வந்தது. அது நன்றாக வேர்த்தது. தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டியது. அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள்.

ஒத்திகை நடக்கும்போதெல்லாம் சாவியோ பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்திருப்பான். "மண்ணு காயக் கூடாது, வெயில்ல வெக்கக் கூடாது, காத்து வர்ற எடமா இருக்கணும்" என்று அவள் சத்தமாகச் சொல்வாள்.

"கரண்ட்டு வந்தா எழுப்பு ஜோஸு" என்பான் அவன்.

போன மே மாதம் அவள் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து, பார்க்க சேத்தியாத்தோப்பு போயிருந்தாள். அன்றைக்கு மத்தியானமே சூறைக்காற்று. கம்பங்கள் சாய்ந்தன, ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றது, போனும் செத்தது. "அந்த ஆளுக்கு மணலு எங்க இருக்குதுன்னு கூடத் தெரியாதுண்ணே. எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல" என்று பிற்பாடு சொன்னாள்.

மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய பைக்கில் ஜோஸ்பின் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். காலி. சாவியோ பெஞ்சில் கண்ணை மூடிக் கிடந்தான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

"ஏங்க! மருந்து எங்கங்க?"

அவன் ஜன்னல் பக்கம் கையை நீட்டினான். அங்கே ஜாடி வேர்த்து நின்றது. டப்பாவுக்குள் அவன் மருந்தோடு இன்னும் மூன்று குப்பிகள், பிளாஸ்திரியில் பேர் எழுதி ஒட்டியிருந்தன. ஒன்று எங்கள் தெருக் காசியம்மாளுடையது, ஒன்று அடுத்த வீட்டுக் கோவிந்தராசுவுடையது. மூன்றாவது என்னுடையது. காற்றடித்த அன்றைக்கே, ஒத்திகையைக் கேலி பண்ணின வெட்கத்தை விட்டு நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

தெர்மாமீட்டர் இருபத்தெட்டில் நின்றது.

"கண்ணத்தான் மூடினு கெடந்தன்" என்றான் சாவியோ. "காத மூடலியே."

அவன் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"மேல காஞ்சிருக்குது" என்றாள்.

தண்ணீர் கொண்டுவர நான் எழுந்தேன்.