தாய்மாமனின் கறுப்புச் சதுரம்

அன்று மத்தியானம் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் பைண்டிங் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: முதலாளி, தையல் போடும் சீன அம்மா, காத்தோங்கில் குடியிருந்த டாக்டரம்மா, என் மனைவியின் அண்ணன், நான். யாருக்காகக் கூடியிருந்தோமோ அவன் அங்கே இல்லை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத என் மகன் ஆஸ்பத்திரியில் மஞ்சள் கிழங்கு மாதிரி கிடந்தான்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியது. திரும்பத் திறந்தபோது, இத்தனை நாள் கழித்துப் போனால் வாத்தியார் என்ன கேட்பாரோ என்று பயந்தே நான் போகவில்லை. மழை பெய்தால் கூரை, பெய்யாவிட்டால் தண்ணீர் என்று ஏதாவது ஒரு கவலை எனக்கு எப்போதும் இருக்கும். அதனால் பிள்ளையின் கண் வெள்ளை மஞ்சளாகிறது என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீங்க பார்த்தா எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்" என்றாள் என் மனைவி. மறுநாள் பிள்ளை பால் குடிக்க மறுத்துவிட்டான். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா இலங்கைத் தமிழர். சின்ன வயது. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். பிள்ளையின் ரத்தம் உடைகிறது, அந்த மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டால் உயிர் தப்பினாலும் காது கேட்காது, கை கால் வராது என்று மறைக்காமல் சொன்னார். பழைய ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுப் புது ரத்தம் ஏற்றினார். ஒரு தடவை ஏற்றியும் மஞ்சள் மறுபடி ஏறியது. பொழுது சாய்வதற்குள் இன்னொரு தடவை ஏற்ற வேண்டும், அந்த வகை ரத்தம் கையிருப்பில் தீர்ந்துவிட்டது, சொந்தக்காரர்கள் யாராவது வாருங்கள் என்றார். என் ரத்தம் சேரவில்லை. மச்சானுடையது சேர்ந்தது.

மச்சான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றார்.

"தாய்மாமன் நான் இருக்கேன்ல? காது குத்துறப்ப மட்டும்தான் என் மடி வேணுமா? எடுங்க டாக்டரம்மா, எவ்வளவு வேணுமோ எடுங்க. உடம்பு பூரா ரத்தம்தான்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பிள்ளையின் சட்டையைக் கையில் எடுத்தார். உடனே முகர்ந்து பார்த்தார். "இது என்ன மணம்?"

பிறந்த பிள்ளைக்கு நாங்கள் புதுத்துணி போடுவதில்லை. நன்றாக வளர்ந்து நிற்கிற ஒரு பிள்ளையின் பழைய துணியைத்தான் முதலில் போடுவோம். அந்த ஆயுசும் பலமும் இந்தப் பிள்ளைக்கும் வரட்டும் என்பதற்காக. மச்சான் தன் மூத்தவனின் சட்டைகளை அதற்கென்றே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து, பிள்ளை பிறந்த அன்றே ஆசையாகக் கொண்டுவந்தார். பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டி நிறைய அந்துருண்டை போட்டிருந்தார்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "உங்களுக்கு முந்தி ஏதும் பெரிய நோய் வந்ததோ?" என்று மச்சானிடம் கேட்டார்.

"எனக்கா? நோயா?" மச்சானுக்கு அது அவமானமாக இருந்தது. "ஜொகூர் தோட்டத்துல இருந்தப்ப மலேரியாவுக்கு மாத்திரை கொடுத்தாங்க. அதைத் தின்னுட்டு மூணு நாளு ஒன்னுக்கு, பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாப் போச்சு. நாலாம் நாளு எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேன்லா!"

மச்சானுக்குக் குத்த எடுத்த ஊசியை டாக்டரம்மா தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

போன வருஷம் வந்த ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றிப் படித்ததாகச் சொன்னார். சிலருடைய ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு சத்து குறைவு, அந்துருண்டை வாடையோ சில மாத்திரைகளோ பட்டால் அந்த ரத்தம் உடைந்துவிடும், அது தாய்வழியாக வரும். பிள்ளைக்கு அது இருந்தால் மாமனுக்கும் இருக்கலாம். அப்படியானால் அந்த ரத்தத்தை ஏற்றக் கூடாது.

"ஆனால் ஞாபகத்தை மட்டும் நம்பி நான் வேண்டாமெண்டு சொல்லேலாது" என்றார். "இப்ப கையில வேற ரத்தமும் இல்லை. ஏத்தவும் பயம், விடவும் பயம். பெரிய டாக்டர் கேட்டால் நான் அந்தப் பக்கத்தைக் காட்டவேணும்."

பயம் என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டதில் எனக்கு என்னவோ அவர்மேல் நம்பிக்கை வந்தது.

மருத்துவ நூலகத்துக்குப் போன் போட்டார். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். அந்த வருஷத்து இதழ்கள் எல்லாவற்றையும் கட்டாகத் தைக்க பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்களாம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஏதோ ஒரு கடை.

"அது நாங்கதான் டாக்டரம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

என்னைத் தனியாக அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். ஆனால் வேறு ஏதாவது புத்தகத்தைத் தூக்கிவந்துவிடுவேனோ என்று பயம். டாக்டரம்மா நர்ஸிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் தன் சின்னக் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். மச்சானும் கூடவே ஏறிக்கொண்டு, இறங்க மறுத்துவிட்டார். சட்டைக் கை சுருட்டினது சுருட்டினபடியே இருந்தது.

முதலாளி நாகூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னதும், "எந்த மாச இதழுன்னு தெரிஞ்சா இப்பவே எடுத்துடலாம்மா" என்றார்.

"மாதம் ஞாபகமில்லை. அட்டையில உள்ளடக்கம் இருக்கும், அதைப் பார்த்தால் தெரியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதழ்களைக் கட்டாகத் தைக்கும்போது அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் கிழித்து எடுத்துவிடுவதுதான் எங்கள் முறை. கட்டு பருக்காமல் இருக்கும், கூலியும் குறையும். கிழித்ததை மூலையில் கச்சாங் பூத்தே என்கிற வறுகடலை விற்கிறவர் எடைக்கு வாங்கிக்கொள்வார். அந்த வருஷத்து உள்ளடக்கம் முழுவதும் கடலைப் பொட்டலமாகி, ஜாலான் புசார் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

"யா அல்லாஹ்" என்றார் முதலாளி. "ஊருப் பிள்ளைங்க எல்லாம் வைத்தியத்தைத் தின்னுட்டுப் போயிருக்கு."

பாதி இதழ்கள் இன்னும் தைக்காமல் மேசைமேல் இருந்தன. டாக்டரம்மா அவற்றைப் புரட்டி முடித்தார். இல்லை. மீதிப் பாதி தைத்து, முதுகில் பசை தடவி, இரும்புப் பிரஸ்ஸுக்குள் இறுக்கி வைத்திருந்தது. காயும்வரை பிரஸ் சக்கரத்தைத் தொடக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஒருமுறை அவருடைய சொந்த மைத்துனர் தொட்டதற்கே கடையை விட்டுத் துரத்தினார். அன்று அவரே போய்ச் சக்கரத்தைத் திருப்பினார். பசை ஈரமாக இருந்தது. கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வெளியே வந்தது.

"தடிமன் பாருங்க. ஒருத்தர் மட்டும் புரட்டினா பொழுது போயிடும்" என்றவர், சீன அம்மாவிடம் கையால் அறுப்பதுபோல் காட்டினார். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த அம்மா தைத்த தையல் அது. அவர் ஒரு நிமிஷம் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாபார்லா, சாபார்" என்று மலாயில் எனக்குப் பொறுமை சொல்லிக்கொண்டே தன் கத்தியால் நூலை அறுத்தார். கட்டு ஐந்தாகப் பிரிந்தது. ஆளுக்கு ஒன்று.

எங்களில் டாக்டரம்மாவைத் தவிர யாருக்கும் அந்த ஆங்கிலம் படிக்க வராது. "எழுத்தைப் பார்க்காதேங்கோ" என்றார் அவர். "அதில ஒரு படம் இருக்கும். சதுரமும் வட்டமும் கோடு போட்டு இணைச்சிருக்கும். சில சதுரம் கறுப்பு. வடிவாப் பாருங்கோ."

கடைக்குள் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஒரே பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் தாண்டிவிட்டேனோ என்று பின்னால் போவேன். பின்னால் போனதில் நேரம் போகிறதே என்று முன்னால் வருவேன்.

"தோ! இந்தா இருக்கு!" என்று மச்சான் கத்தினார். "பாண்டி ஆடுற கட்டம் மாதிரி! இதானே?"

டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு படத்தை மச்சானுக்கே காட்டினார்.

"வட்டம் பொம்பிளை. சதுரம் ஆம்பிளை. இந்த வட்டத்தை உங்கட தங்கச்சி எண்டு நினையுங்கோ. கீழ இருக்கிற இந்தச் சின்னக் கறுப்புச் சதுரம் பிள்ளை. பக்கத்தில இருக்கிற கறுப்புச் சதுரம்..."

"நானா?"

"அப்படித்தான் நினைக்கிறன். உங்கட ரத்தம் வேண்டாம் அண்ணை."

மச்சான் சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தன் ரத்தம் ஆகாது என்று சொல்லும் தாளை அவரே தேடி எடுத்துக் கொடுத்திருந்தார்.

"என் சட்டையும் ஆகல, என் ரத்தமும் ஆகல. நான் என்ன மாமன்?" என்றார்.

"சட்டை கொண்டாந்தது ஆசையில. ஆசைக்கு என்ன தெரியும் ஓய்" என்றார் முதலாளி.

மச்சான் வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பின்னால் ஓடவும் முடியவில்லை, ரத்தத்துக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. டாக்டரம்மா அந்தத் தாள்களோடு என்னை மறுபடி காரில் ஏற்றினார். வழி முழுவதும் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் ஓட்டிக்கொண்டே தன் கைக்குட்டையை என் மடியில் போட்டார்.

நாங்கள் வார்டுக்குப் போய், பெரிய டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துத் தலையசைத்து, இனி ரத்தத்துக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் நின்றபடியே துறைமுகத்து ஆட்கள். இடுப்பில் துண்டு, தோளில் மாவு. முன்னால் மச்சான்.

"என் ரத்தம் ஆகாதுன்னா போகட்டும். இவனுங்கள்ல யாரும் எனக்குச் சொந்தம் இல்ல. நல்லாக் கேட்டுட்டேன். மலேரியா மாத்திரைக்குக் கறுப்பாப் போனவன் எவனும் இல்ல. அதையும் கேட்டுட்டேன். எடுங்க!"

பின்னாலிருந்து ஒருவர், "ஏய், ஊசி பெருசா இருக்குமாடா?" என்று கேட்டதற்கு, "உன் வாயை விடச் சின்னதுதான்" என்று இன்னொருவர் சொன்னார். நர்ஸ் அதட்டி எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்தார். பல பேருக்குச் சேரவில்லை. சேர்ந்தவர், அதுவரை வாயே திறக்காமல் ஓரமாக நின்ற ஒரு மலையாளி. ரத்தம் கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு, கப்பலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். நன்றி சொல்லலாம் என்று நான் வெளியே வந்தபோது லாரி போய்விட்டது. பிறகு எத்தனையோ தடவை துறைமுக வாசலில் போய் நின்றிருக்கிறேன். அவரைப் பார்க்கவில்லை.

மஞ்சள் இறங்கியது. பிள்ளை பால் குடித்தான். காது கேட்கிறதா என்று நான் அவன் தலைமாட்டில் நாளெல்லாம் கைதட்டிப் பார்த்தேன். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறீர்கள் என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். அப்படித் திட்டு வாங்கியதற்கு ஒரு மனிதன் சந்தோஷப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பல மாதங்கள் கழித்து டாக்டரம்மா கடைக்கு வந்தார். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு இதழுக்கு எழுதியனுப்ப எங்கள் சம்மதம் கேட்டார். நான் வழக்கம்போல் பயந்தேன். பேர் வந்தால் நாளைக்குப் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"பேர் வராது. சதுரமும் வட்டமும்தான் வரும்."

"அப்ப போடுங்கம்மா" என்றாள் என் மனைவி, எனக்கு முன்பே. "வேற எவளாவது அந்துருண்டைப் பெட்டியத் திறக்குறதுக்கு முன்னாடி அவ டாக்டர் படிக்கட்டும்."

அந்த இதழ் அச்சாகி, நூலகத்துக்கு வந்து, அங்கே ஒரு வருஷம் இருந்து, முறைப்படி எங்கள் கடைக்கே பைண்டிங்குக்கு வந்தது. டாக்டரம்மா பக்க எண்ணை எழுதிக் கொடுத்திருந்ததால் கண்டுபிடித்தேன். கறுப்பாக இரண்டு சதுரம், நடுவில் ஒரு வட்டம். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் சதுரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சுல வந்துட்டேன்லா மாப்ளே" என்றார். முதலாளிக்கு மட்டும் ஒரு குறை. "கடை பேரையாச்சும் போட்டிருக்கலாம். வெளம்பரமாப் போயிருக்கும்." பிறகு அவரே, "வெளம்பரம்னா நீ கிழிச்சுக் கடலைக்காரனுக்குப் போட்டிருப்ப" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் முறை மாறியது. உள்ளடக்கம் அச்சிட்ட அட்டைகளைக் கிழித்தாலும் எறியாமல், கட்டின் கடைசியில் சேர்த்துத் தைத்தோம். கட்டு கொஞ்சம் பருத்தது. கூலியை முதலாளி கூட்டவில்லை.

அன்று அறுத்த கட்டைத் திரும்பத் தைத்துப் பார்த்தோம். முதுகு கோணல் போகவே இல்லை. அதற்கு நூலகத்திடம் கூலி வாங்க முதலாளி மறுத்துவிட்டார். அந்த நஷ்டத்தை நான் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். பணத்தை மேசையில் வைத்தும் பார்த்தேன்.

"எடு தம்பி. உன் மவன் வளர்ந்து மொதச் சம்பளம் வாங்கி, அவன் கையால கொண்டாந்து தரட்டும். உன் காசு எனக்கு வேணாம்."

மகன் வளர்ந்தான், நன்றாகக் காது கேட்கிற பிள்ளையாக, நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காத பிள்ளையாக. அவன் முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே முதலாளி கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய், அங்கேயே மண்ணில் அடங்கிவிட்டார். மகன் தன் முதல் சம்பளத்தில் அந்தக் கட்டின் கூலியைத் தனியே உறையில் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறான். அது அலமாரியில், அந்துருண்டை இல்லாத தட்டில் இருக்கிறது. முதலாளிக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி, ஆறு வெள்ளி ஐம்பது காசு.