வடக்குச் சுவரோரம்

ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலாந்துக் கிழவி இருந்தாள். கிழவி என்பது என் மனத்துக்குள் மட்டும். நேரில் மிஸிஸ் போட்டுத்தான் கூப்பிடுவேன். இளம் வயதில் புருஷனோடு கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. கண் பார்வை மங்கத் தொடங்கிய பிறகு அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. தான் பிறந்த ஊரின் சரித்திரத்தையும் அந்த ஊரில் தன் வம்சம் இருந்த கதையையும் தேடி எழுதிவிட வேண்டும். கண் நன்றாக இருந்த காலத்தில் அதைச் செய்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, அப்போது புருஷனுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தேவாலயம், ஒரு மாவு மில், மனிதரைவிட ஆடு அதிகம். பாரிஷ் என்று அவள் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிப் பத்திரங்களில் கோயிற்பற்று என்று எழுதுவார்களே, அதுதான். என் அப்பா காணி உறுதி எழுதும் நொத்தாரிசு. உறுதிக் கட்டுகளுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். பழைய காலத்து இங்கிலீஷ் கையெழுத்தை நான் தடக்காமல் வாசிப்பேன் என்று தெரிந்ததும் கிழவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அப்போது வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், எனக்குப் பிள்ளை செத்துப் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

பெண் பிள்ளை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் ஒருத்தி அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, தூக்குகிறாயா என்று கேட்டாள். பார்க்க வந்திருந்த எங்கள் ஆட்கள், “வேண்டாம் பிள்ளை, பாத்தால் பிறகு மறக்கேலாது” என்று கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். பார்க்காவிட்டால் மறந்துவிடலாமாக்கும்! என் கணவர் நேர்ஸின் பின்னால் போனார். இரண்டொரு நாளில் திரும்ப வந்து, “எல்லாம் முடிஞ்சுது” என்றார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பெயரில்லை, அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. பால் கட்டின நெஞ்சோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வருவார், குளிப்பார், செய்தி பார்ப்பார். நான் அழுதால் எழுந்து போய்ப் புல்லு வெட்டுவார். எங்கள் வீட்டுப் புல்லைப் போல ஒட்ட வெட்டிய புல் அந்தத் தெருவிலேயே கிடையாது. கல்லு மனுசன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களோ, “இளம் பிள்ளையள்தானே, இன்னொண்டு கிடைக்கும்” என்றார்கள், பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சொல்வதுபோல. அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் கிழவி வீட்டுக்குப் போய்விடுவேன்.

கிழவி அந்தத் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் சுருள்களாக வரவழைத்திருந்தாள். அதைப் பார்க்கும் இயந்திரம் நகரத்தில் ஒரு வாசிகசாலையில் இருந்தது. பஸ்ஸில் போவோம். இருட்டு மூலையில் நான் சுருளைச் சுழற்றிச் சுழற்றி வாசிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம். திரும்பவும் ஞானஸ்நானம். அவளுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு வேலை செய்தவர்கள். ஒருவரும் ஊரை விட்டு அசையவில்லை. இப்படி ஒரே இடத்தில் பிறந்து, ஒரே இடத்தில் கிடக்கக் கொடுத்து வைத்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வம்சத்தில் ஒருத்தியில்தான் நாங்கள் இடறினோம். கிழவியின் பாட்டியைப் பெற்றவள், ஒரு மேய்ப்பனின் மனைவி. இரண்டு வருடத்துக்கு ஒன்றாக அவளுக்குப் பிள்ளை பிறந்து ஞானஸ்நானமும் நடந்திருக்கிறது. பிறகு நடுவில் சில வருடங்கள் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு திரும்பவும் பிள்ளைகள். மேய்ப்பன் வேலை தேடி வெளியூர் போயிருப்பான் என்றாள் கிழவி.

“இல்லை. பிள்ளைகள் பிறந்திருக்கும்,” என்றேன். “உயிரோடு பிறந்திருக்காது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

நான் சொன்னேன். பக்கத்து வீட்டில் இருந்தும் அவளுக்கு அதுவரை தெரியாது. நான் பருத்துப் பிறகு மெலிந்ததை அந்தக் கண்கள் பார்த்திருக்க முடியாது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. “சுருளைக் கழற்று, இன்றைக்குப் போதும்,” என்றாள். பஸ்ஸில் வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் அந்தத் தேவாலயத்தைப் பராமரிக்கும் மனிதருக்கு இங்கிலாந்துக்கே டெலிபோன் எடுத்தாள். இங்கே காலை, அங்கே முந்தின நாள் மாலை. அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொள்வதற்காக அவள் உரத்துத் திருப்பிச் சொன்னாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. ஜெபமும் இல்லை. தேவாலயத்தின் வெயில் படாத வடக்குச் சுவரோரம் குழி வெட்டுகிறவன் வைத்துவிடுவான். சில நேரம், அந்த வாரத்தில் ஊரில் யாராவது செத்திருந்தால், அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே பிள்ளையையும் வைத்து மூடிவிடுவார்கள். கடைசியில் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். ஆனால் நான் எழுதிவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. என் பிள்ளை எங்கே? எந்தச் சுவரோரம்? யாருடைய பெட்டிக்குள்? ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவரின் காலடியில் அவள் கிடப்பதாக நினைத்து நினைத்து, சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிடும். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, பிள்ளையை எங்க வைச்சவை?”

அவர் நிமிரவில்லை. “எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்தான் எல்லாம் பாத்தவை. நீர் ஏன் இப்ப இதைக் கிளறுறீர்?”

சாப்பாட்டை அரைவாசியில் விட்டுப் புல்லு வெட்டப் போய்விட்டார்.

மறுநாள் அதைக் கிழவியிடம் சொல்லி அழுதேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, அவர்மேல் அல்ல, என்மேல். “எனக்கு அந்தச் சுவர் உலகத்தின் மறுபக்கம். இனி நான் போகப் போவதில்லை. உனக்கென்ன? பஸ் ஓடுகிறது,” என்றாள். செத்துப்போன மேய்ப்பர்களைத் தேடின அதே மூர்க்கத்தோடு டெலிபோனில் உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரி, மயானம், இன்னொரு மயானம். எங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தப்பாகச் சொன்ன இடத்தில் நான் திருத்தினேன். பின்னேரத்துக்கு முன் கண்டுபிடித்துவிட்டாள். கிளென் ஈடனில், பெரிய மயானத்தில்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. சுடலைக்குப் போகிறேனே என்று ஒரு கணம் கால் கூசியது. கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். மயான அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, யாரோடு வைத்திருக்கிறார்கள் என்பதுதான். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியதும் அவசரமாகத் தலையசைத்தாள்.

“இல்லை, இல்லை. தனியாகத்தான். குழந்தைகளுக்கென்று இருக்கிற பகுதியில். தகப்பன் தானே எல்லா ஏற்பாடும் செய்து, தானே கொண்டுவந்திருக்கிறார்.”

குழந்தைகளின் பகுதி ஒரு சரிவில் இருந்தது. மற்றக் குழிமேடுகளில் பிளாஸ்டிக் காற்றாடிகள், நனைந்த பொம்மைகள். எங்கள் பிள்ளையின் இடத்தில் இலக்கம் எழுதிய ஒரு சின்னக் கட்டை மட்டும்.

“என்ன இருக்கிறது? வாசி,” என்றாள் கிழவி, வாசிகசாலையில் சொல்வதுபோல.

“இலக்கம். புல். வேறொன்றுமில்லை.”

“வெயில் படுமா?”

அண்ணாந்து பார்த்தேன். மரமோ சுவரோ எதுவும் மறைக்கவில்லை. படும் என்றேன். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஈரத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். கிழவி குடையை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுகை போய்க் கோபம் வந்தது. தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, தெரியாது என்று என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார்! வந்ததும் கிழிகிழியென்று கிழிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவர் வேலையால் வந்து, குசினி வாசலில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நான் இண்டைக்குக் கிளென் ஈடனுக்குப் போனனான்,” என்றேன்.

அவர் கழற்றின சப்பாத்தைத் திரும்ப மாட்டிக் கயிற்றை முடிந்தார்.

“ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“சொன்னால் நீர் அங்கயே போய் இருந்திடுவீர் எண்டு பயந்தன்.” கயிற்றை அவிழ்த்து, திரும்ப முடிந்தார். “எனக்கு அங்க ஒராள் இருக்கிறது போதும். ரெண்டு பேரையும் அங்க குடுத்திட்டு நான் என்ன செய்யிறது?”

கிழிக்க வந்த நான் அவர் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினார்.

“சின்னப் பெட்டி. கார் ஓடின பொடியன் முன்சீற்றில வைக்கச் சொன்னவன். நான் மடியில வைச்சுக்கொண்டன். அங்க போனால் குழி வெட்டினபடி கிடக்குது. ஒருத்தன் வந்து பெட்டியை வாங்கக் கையை நீட்டினவன். நீட்டிப்போட்டு, வேற ஆரும் இனி வரக் கிடக்கோ எண்டு கேட்டான். ஓம், மனுசி வாறா எண்டு சொன்னன்.”

“நான் கட்டிலில கிடந்தனான். வரமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். ஆள் வரக் கிடக்கெண்டால் பொறுப்பாங்கள்தானே.” சப்பாத்தைப் பார்த்தபடியே சொன்னார். “இன்னும் கொஞ்ச நேரம் மடியில வைச்சிருக்கலாம்.”

எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.