ஒரு கோது குறைந்தது

மருமகன் காரின் முன்கதவைத் திறந்து, "மாமா, இண்டைக்கு நீங்கள் முன்னுக்கு இருங்கோ" என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. மகள் குடும்பத்தோடு மார்க்கம் நகரத்தில் இருக்கும் இந்த ஒன்பது வருடத்தில் எனக்கு முன் இருக்கை கிடைத்தது மூன்று தடவை. மூன்றும் ஆஸ்பத்திரிக்கு.

அன்று நானும் மனைவியும் மகளும் மருமகனும் போனது துவக்குச் சுட. நகரத்துக்கு வடக்கே, ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள சுடும் திடலுக்கு. "ஃபமிலி டே, மாமா. பவுலிங் போறமாதிரித்தான்" என்றார் மருமகன். பந்து உருட்டப் போவதற்கு யாரும் மாமனாரை முன் இருக்கையில் வைத்துக் கொண்டுபோவதில்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கோடைத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை எங்கள் வீட்டுக்குள் திருடர் புகுந்தார்கள். குசினி மேசையில் கிடந்த திறப்பை எடுத்து, மகளுடைய காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். நானும் மனைவியும் பேஸ்மென்ரில் நல்ல தூக்கம். மகள் மட்டும் விழித்திருந்தாள். மேலே அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு, கீழே நடந்த கால்களின் சத்தத்தைக் கேட்டபடி இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மருமகன் ஒரு சனி ஞாயிறு முழுக்க வீட்டில் இல்லை. கேட்டதற்கு "ஒரு கோர்ஸ்" என்றார். என்ன கோர்ஸ் என்று சொல்லவில்லை. பின்னர் பேஸ்மென்ரில், எங்கள் படுக்கையறைச் சுவரோடு, ஒடுக்கமான உயர்ந்த இரும்பு அலுமாரி ஒன்று வந்து நின்றது. வேலைச் சாமான் வைக்கவாம். அந்த வீட்டில் இருக்கும் வேலைச் சாமான் ஒரு சுத்தியலும் மூன்று ஸ்குறூ டிறைவரும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

"துவக்கொண்டு இந்த வீட்டுக்குள்ளை வந்தா நான் இருக்கமாட்டன். அஜக்ஸிலை தம்பியாக்களோடை போய் இருப்பன்" என்று மனைவியிடம் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடுப்புப் பையைக் கீழே இறக்கி வைத்தும்விட்டேன்.

"தம்பியின்ரை மனுசி உங்களை மூண்டு நாள் வைச்சிருப்பா" என்றாள் அவள்.

திடலில் எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நரைத்த தலைமுடியைக் குதிரைவால் கட்டிய வெள்ளைக்காரி. மருமகனின் கையைக் குலுக்கி, மறுபடி வந்ததில் சந்தோஷம் என்றாள். மறுபடி. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் காதுக் கவசத்தைத் தலையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் மூன்று துவக்குகள் இருந்தன. ஒரு சிறிய ரைபிள், ஒரு பிஸ்டல், இரட்டைக் குழலுள்ள ஒரு சொட்கண். வெள்ளைக்காரி அவற்றைக் கடையில் சாப்பாடு சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு தரையில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினாள். தான் சொல்லும்வரை யாரும் அதைத் தாண்டக்கூடாது, எதை எடுக்கவும் குனியக்கூடாது.

முதலில் மருமகன் பிஸ்டலால் பத்துத் தரம் சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும், குண்டு பறந்தபின் மிஞ்சும் பித்தளைக் கோது ஒன்று வலப்பக்கம் துள்ளிச் சீமெந்தில் விழுந்து உருண்டது. அடுத்தது மனைவி. அவள் மறுப்பாள் என்று நம்பியிருந்தேன். அவளும் பத்துத் தரம் சுட்டாள். குறிக் கடதாசியின் கறுப்பு வட்டத்துக்குள் ஆறு ஓட்டை.

"அன்ரி, நீங்கள் முந்தி எங்கையோ பழகினனீங்கள்" என்றார் மருமகன். அவர் அவளை அன்ரி என்றும் என்னை மாமா என்றும்தான் கூப்பிடுவார்.

"நாப்பது வருசம் இவரோடை இருந்தா ஆருக்கும் குறி பிடிபடும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. எல்லோரும் ஒரு தரம் சுட்டுச் சிரித்துவிட்டால் துவக்கு பழகிய சாமானாகிவிடும். பிறகு அலுமாரிக்குள் ஒன்று வந்தால் யார் வாய் திறக்க முடியும்? இதற்குத்தான் இந்தப் பயணம் என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

"மாமா, உங்கடை ரேர்ன்."

"நான் கணக்குப் பாக்கிறன். நீங்கள் சுடுங்கோ."

கணக்குத்தான் பார்த்தேன். அது என் கைக்கும் கண்ணுக்கும் ஊறிய வேலை. ஊரில் இரவு சண்டை நடந்தால் விடிந்ததும் நாங்கள் முதலில் முற்றத்தைக் கூட்டுவோம். மண்ணில் கிடக்கும் கோதுகளை ஆமி வருமுன் பொறுக்கி மலகூடக் குழிக்குள் போடவேண்டும். ஒரு கோது கண்டெடுக்கப்பட்ட வீட்டில் ஓர் ஆளைக் கொண்டுபோவார்கள். யார் சுட்டது என்று கேட்கமாட்டார்கள்.

இருபது வெடி. தரையில் பத்தொன்பது கோது. இன்னொரு முறை எண்ணினேன். பத்தொன்பது.

"ஒரு கோது குறையுது" என்றேன்.

"மாமா, உது வெறும் கோது. ஒண்டும் செய்யாது."

"அப்ப அது எங்கை?"

மேசைக்கு அடியில் பார்க்கலாம் என்று குனிந்தேன். எப்போது சிவப்புக் கோட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. வெள்ளைக்காரியின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. வரிசையில் இருந்த எல்லோரும் துவக்குகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இருந்த வாங்கில் இருத்தினாள். ஒன்று குறைகிறது என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவை உருண்டு போகும், கடைசியில் கூட்டுவோம் என்றாள், பொறுமையோடு.

எனக்குப் பொறுமை இல்லை. மருமகன்தான் எடுத்திருப்பார், யாருக்காவது காட்டுவதற்கு என்று பட்டது. "தம்பி, பொக்கற்றைக் காட்டும்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் இரண்டு பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டினார். திறப்பு, சுவிங்கம், ஒரு கைலேஞ்சி. "ஓகே, மாமா? ஹப்பி?" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "வாரும். நீர்தான் மிச்சம்."

மகள் அசையவில்லை. மேசைக்காலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"நீங்களே சுடுங்கோ. நான் இதிலை நிக்கிறன்."

தரையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. வலது கால் சற்று முன்னே, முழுப்பாதமும் அழுந்த. அந்த நிலையை நான் அறிவேன். நானே பழக்கியது. கூட்டி முடிக்குமுன் ஆமி படலைக்குள் வந்துவிட்டால், கோதைக் கண்ட பிள்ளை குனியக்கூடாது, ஓடக்கூடாது, கீழே பார்க்கக்கூடாது. அதன்மேல் காலை வைத்து நிற்கவேண்டும். அப்போது அவளுக்கு எட்டு வயது.

வெள்ளைக்காரியிடம் அனுமதி கேட்டு எழுந்து போனேன். "பிள்ளை, காலை எடு."

"எடுக்கவேணுமெண்டு தெரியும் அப்பா" என்றாள் மெதுவாக. "எடுக்க ஏலாமல் கிடக்கு."

மனைவி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஆமியுமில்லை, ஒருத்தருமில்லை. உந்த மனுசி கூட்டுறதுக்குத் தும்புத்தடியோடை நிக்கிறா. எடு பாப்பம்."

கொஞ்ச நேரம் கழித்துக் கால் விலகியது. கோது அங்கே இருந்தது. வெள்ளைக்காரி அதை மற்றவற்றோடு சேர்த்துக் கூட்டினாள். சொட்கண்ணை யாரும் தொடவில்லை.

கார் நிறுத்தியிருந்த இடத்தில் நான் மருமகனிடம் நேரே கேட்டேன். "இதையெல்லாம் கண்டபிறகும் நீர் துவக்கு வாங்கப் போறீரோ?"

அவர் மகளைப் பார்த்தார். சொல்லுங்கோ என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

"மாமா, எனக்கு எதுக்குத் துவக்கு? நான் மருந்துக்கடையிலை நிக்கிறவன். கேட்டது இவ. கள்ளர் வந்த நாளிலையிருந்து கேட்டவ. ஐ ஜஸ்ட் வோன்டட் ஹேர் டு ஸ்லீப். அதுக்குத்தான் கோர்ஸுக்குப் போனனான். உங்களுக்குப் பிடிக்காதெண்டு தெரியும். ஒருக்கா எல்லாரும் வந்து பாத்தா நீங்கள் ஓம் எண்டுவியள் எண்டு நினைச்சம்."

கோடை முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது பிழையான ஆளை.

"இனி வேண்டாம்" என்றாள் மகள். "வீட்டிலை துவக்கை வைச்சுக்கொண்டு நான் கள்ளருக்கும் பயந்து, அதுக்கும் பயந்து இருக்கேலாது." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அப்பா, பயம் போகேல்லை. இவர் விடிய வேலைக்குப் போனாப் பிறகு ஒவ்வொரு சத்தமும் கேக்குது" என்றாள்.

துவக்கு வராது; நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவளை இந்தப் பயத்தோடு விட்டுவிட்டு அதில் சந்தோஷப்பட மனம் வரவில்லை.

"கள்ளர் வந்த நாளிலையிருந்து நானும் அந்த நேரம் முழிப்பு. இவர் போனவுடனை மேலை வந்து குசினியிலை இருக்கிறன்."

"கள்ளர் வந்தா இவர் என்ன செய்வார்?" என்றாள் மனைவி. "எத்தினை பேர் எண்டு எண்ணுவார்."

"எண்ணினாப் போதும்" என்றாள் மகள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்றிலிருந்து மருமகனின் கார் வெளியேறும் சத்தம் கேட்டதும் மேலே ஏறி வந்து, விளக்கைப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறேன். முதல் கிழமை மகள் படியில் பாதிவரை இறங்கி, நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். இப்போது வருவதில்லை. தூங்குகிறாள் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லமாட்டேன். காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.