தாய்மாமன் எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் வாழவந்தி நாட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, மைக்செட் ராசப்பனுடையதுதான். பாட்டு மட்டும் போட்டால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம். நேரத்தின் அருமை பற்றிச் சீனத்துப் பெரியவர்கள் சொன்ன பொன்மொழிகளைப் போன வருடம் ஏதோ வீடியோவில் பார்த்துத் தொலைத்தார். அதிலிருந்து இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு பொன்மொழி, கூடவே அவருடைய விளக்கவுரை. பொன்னையும் பொழுதையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிற பேச்சுதான் எல்லாம். ஸ்பீக்கரைப் பலாமர உச்சியில் கட்டிவிடுவார். ஏணியில் நின்று மிளகு பறிப்பவன்கூடத் தப்ப முடியாது.

தை மாதம் அவர் தங்கை அத்தாயியின் மகள் சுகந்திக்குக் கல்யாணம். பிள்ளையில்லாத ராசப்பன் தோளில் தூக்கி வளர்த்த பெண். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டு அழைத்துவந்தால்தான் பெண் மணையில் உட்காருவாள். அத்தாயிக்கு இவர் ஒரே அண்ணன். அன்று வெள்ளிக்கிழமை வேறு. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தாலி ஏறியாக வேண்டும்.

பந்தல் வீட்டுக்கு முன்னால், மைக்செட் வீட்டுக்குப் பின்னால். "தாய்மாமனக் கூப்புடுங்க" என்று பந்தலிலிருந்து யாரோ கத்தினார்கள். எல்லாக் கல்யாணத்திலும் அவர் காதில் விழுகிற குரல்தான். மைக்கைப் பிடித்துவிட்டால் மனிதருக்கு உறவுமுறை எதுவும் நினைவிருக்காது. வழக்கம்போல் தட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தார்.

"மணமகளின் தாய்மாமன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும்."

யாரும் வரவில்லை. ஒரு சீனப் பொன்மொழியை எடுத்துவிட்டார். அதற்கும் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க தாய்மாமன்! இத்தன சனத்தக் காக்க வெச்சுப்போட்டு எங்கீங்க போனீங்க? நேரத்தோட அரும தெரியாத ஆளெல்லாம் ஒரு தாய்மாமனுங்களா?"

வேடிக்கை பேசுகிறார் என்று நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். மாலையில்லாமல் வாசலில் நின்ற சுகந்தியின் கண்ணில் நீர் முட்டியதும்தான் எங்களுக்கு உறைத்தது. அத்தாயி பின்பக்கம் ஓடினாள்.

"அண்ணா! அந்தத் தாய்மாமன் நீதான்!"

மைக் அணைக்கப்படவில்லை. ஆலத்தூர் நாடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ராசப்பன் கம்பியில்லா மைக்கோடு தலைதெறிக்க ஓடிவந்தார். மாலை போட்டார், கைபிடித்து அழைத்துவந்து மணையில் உட்கார வைத்தார். அப்புறம்தான் சுகந்தியின் முகத்தைப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை.

"உடுங்க ராசப்பா, நேரமாச்சு" என்றார் பூசாரி.

பலாமர உச்சியிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"என்னங்க அப்படி அவசரம்? இன்னுங் கொஞ்ச நேரம் எம்புள்ள எங்கூட இருக்கட்டுமுங்க."

அத்தாயி மைக்கைப் பிடுங்கி அணைத்த பிறகுதான் தாலி ஏறியது.