வெள்ளிக்கிழமை உறைந்த சிரிப்பு

என் கணவர் குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. என்னிடம் பட்டன் போன்தான் என்பதால், அன்று எங்கள் பழைய கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம்.

வைரஸுக்குப் பயந்து, கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவதுபோல், இருந்த ஆன்ட்டிவைரஸோடு பெரிதாக இன்னொன்றையும் ஏற்றினேன். மெமரியோ இரண்டே ஜிபி. அந்த வெள்ளி, இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்ய, அவர் சிரித்தபடியே திரையில் உறைந்துவிட்டார்.

என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டார். "இன்னா ஆச்சு? உன் மூஞ்சியே தெரியல."

"இங்க நீங்க சிரிச்சிக்கினேதான் கீறீங்க" என்றேன்.

கம்ப்யூட்டரை அணைக்க மனம் வராமல், பொழுது சாயும்வரை அப்படியே விட்டிருந்தேன்.

மறுநாள் உத்திரமேரூர் ரிப்பேர் கடைக்காரர் இரண்டு ஆன்ட்டிவைரஸையும் நீக்கி, குறைந்த மெமரிக்கு ஏற்ற ஒன்றை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

இப்போது ஸ்கேனை வியாழக்கிழமையே முடித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கிடையாது. எனக்கும்தான்.