தூவும் வூவும்: கடத்தூருக்கு ஒரு ஞாயிறு

காலை 8.10. சேலத்திலிருந்து வந்து தருமபுரியில் இறங்கிய கையோடு கடத்தூர் வண்டி பிடித்தேன். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனக்கு இருபது ரூபாய்ச் சீட்டு. பக்கத்து இருக்கை செல்விக்குக் கட்டணமில்லாச் சீட்டு. கடத்தூரில் உரக்கடை மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் இருவரும் மாணவர்கள். நாற்பத்தெட்டு வயதில் நான் ஆசைக்குப் படிக்கிறேன். நல்லம்பள்ளிக்காரரான செல்வி, முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். அதே வேலைக்குப் பிரான்சில் ஆள் எடுக்கிறார்கள். இன்றைய வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் அவர் பெயர் பட்டியலில் ஏறும்.

பிரெஞ்சில் உயிரில்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. வழியெல்லாம் நோட்டைப் பார்த்து அதை முணுமுணுத்தபடி வந்தார்.

"மேசையும் பொம்பளையாம், நாற்காலியும் பொம்பளையாம். சொமக்கறதெல்லாம் அங்கயும் நாமதானுங்களா சார்?"

சிரித்தேன். மரவள்ளிக் காடுகள் ஓடின. வெயில் அதற்குள் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கியிருந்தது.

9.20. தகரக் கூரை, ஒரு மின்விசிறி, பன்னிரண்டு பெண்கள், நான். ஆசிரியருக்கு முப்பது வயது இருக்கும். நெருங்கியவரை, சிறியவரை அழைக்க 'தூ', அதாவது நீ. மற்றவரை அழைக்க 'வூ', அதாவது நீங்கள். மூன்று மாதமாக இதைத்தான் நடத்துகிறார். மரியாதைதான் அந்த மொழியின் முதுகெலும்பாம். என்னிடம், "சார், நீங்க உக்காருங்க." பெண்களிடம், "ஏம்மா, நீ எந்திரி." முழுக்கால்சட்டைக்கு ஓர் இலக்கணம், சேலைக்கு ஓர் இலக்கணம்.

வாய்மொழித் தேர்வில் செல்வியின் முறை வந்தது.

"சந்தையில ஒரு கொழந்தை வழி தவறி அழுவுது. பேரு கேளு."

"கொமான் வூ ஸாப்லே வூ?"

"தப்பு. கொழந்தைக்கு எவ வூ போடுவா? தூ சொல்லு."

"வாய் வரமாட்டேங்குதுங்க சார். அழுவுற புள்ள மூஞ்சியப் பாத்துத் தூன்னா, துப்புறாப்புல இருக்குதுங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. "உனக்கெல்லாம் எதுக்கு பிரான்சு? வூட்டுல மாட்டப் பாத்துக்கிட்டு கெட." 'வூடு' என்று அவர் வாயைக் கோணியது செல்வியின் பேச்சைப் பழிக்க.

என் நாக்கின்மேல் நெருப்பு. ஆனாலும் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

செல்வி உட்காரவில்லை. "ஒரு சந்தேகமுங்க சார். என்னய நீங்க கூப்புடறது எதுல சேத்தி? தூவா, வூவா?"

ஆசிரியர் பட்டியலைப் புரட்டினார்.

"தூ," என்றார் கடைசியில்.

"செரிங்க. இப்ப வாய் வந்துருச்சு." அவர் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டார்: "கொமான் தூ தாப்பெல்?"

உன் பேர் என்ன? அந்தத் தூ அறையெங்கும் தெறித்தது. ஓர் எழுத்துப் பிசகில்லை. எங்கே தப்புப் போட முடியும்? ஆசிரியர் பட்டியலில் செல்வியின் பெயரை எழுதிவிட்டு, நிமிராமலே சொன்னார்: "போ, உக்காரு."

பகல் 1.30. திரும்பும் வண்டி.

"பேரு ஏறிடுச்சுங்க. ஆனா அந்தாளுக்கு ஒறைக்கல, பாத்தீங்களா?"

"திமிருங்க. நாலு அறை விடணும்."

"அங்க ஒண்ணும் பேசலீங்களே சார் நீங்க," என்று சிரித்தார் செல்வி.

தருமபுரியில் சேலம் வண்டிக்கு மாறினோம். நல்லம்பள்ளியில் அவர் இறங்கியதும் தொப்பூர் வரை அந்த ஆசிரியரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்புறம் திட்டு திசை மாறியது. சேலத்தில் என் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருகிறவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இத்தனை வருடமாக அவளை நான்... பாருங்கள், எழுதும்போதுகூட 'அவள்' என்றுதான் வருகிறது. தூ.