விழாத உலக்கை

கிரகணத்தன்று காலை என்னை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார் என் மாமியார். எனக்கு அப்போது ஆறு மாதம். அடையாறில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஈர்ப்பு விசை நடத்துகிறவள் நான். என் மாணவர்கள் அந்நேரம் பள்ளி மொட்டை மாடியில் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிகளுக்கு ஏற்பாடு செய்தவளோ மயிலாப்பூர் வீட்டில் புழுக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம்தானேம்மா. உலக்கை விழுந்ததும் நானே வந்து திறக்கிறேன்" என்றார் அத்தை. நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

கூடத்தில் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்தியிருந்தார். கிரகணம் பிடித்திருக்கும்வரை அது நிற்கும், விட்டதும் தானாக விழும் என்பது அவர் நம்பிக்கை. அடிப்பூண் தட்டையாக இருந்து, எடை நேராக அதற்குள் இறங்கினால் எந்த உலக்கையும் எந்த நாளிலும் நிற்கும். யாராவது இடித்தால்தான் விழும். முந்தைய நாளே இதைச் சொன்னேன். "சரிம்மா" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று மருமகள்களுக்குத் தெரியும். என் கணவர் இருவரிடமும் "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நழுவிவிட்டார்.

நான் பணிந்து போனதற்குக் காரணம் உண்டு. போன முறை மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது கிரகணம் எதுவும் இல்லை. ஏன் கலைந்தது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தக் குழந்தையாவது தங்க வேண்டுமே என்ற பயம் எனக்கும் அத்தைக்கும் ஒன்றுதான். அவர் கையில் ஒரு உலக்கையாவது இருந்தது.

உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், கதவில் காது வைத்தேன், மறுபடி கட்டிலில் விழுந்தேன். அப்போதுதான் எதிர்ச்சுவரில் அதைப் பார்த்தேன். ஜன்னல் கதவில் பழைய தாழ்ப்பாள் கழன்ற இடத்தில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. அதன் வழியே சூரியன் உள்ளே வந்து, பொட்டு அளவில், பிறையாகச் சுவரில் விழுந்திருந்தது. நிலா கடித்த சூரியன், தலைகீழாக. கிரகணம் படக்கூடாது என்று அறையை இருட்டாக்கி, கிரகணத்தை வீட்டுக்குள்ளேயே வரவழைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். பிறை சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. பிறகு கட்டில் விளிம்பில் ஏறியது. அது நகரவில்லை, பூமிதான் சுழல்கிறது. வகுப்பில் பந்தை உருட்டிக் காட்டி எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனாலும் காலை மடக்கிக்கொண்டேன். அது பக்கத்தில் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். இனி ஒதுங்க இடமில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

கதவு திறந்தது. "கிரகணம் விட ஆரம்பிச்சிடுச்சுன்னு டிவில சொல்றாங்க, உலக்கை இன்னும் நிக்குதும்மா" என்று தவித்தபடி வந்த அத்தை, படுக்கையைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா இது?"

"சூரியன் அத்தை. ஓட்டை வழியா வருது. இன்னும் முழுசா விடல."

அவர் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வயிற்றுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். பிறை அதில் விழுந்தது.

"என் மேல படட்டும். எனக்கென்ன, வயசாச்சு" என்றார்.

வெளிச்சம் நகர நகர அவர் கையும் நகர்ந்தது. கை வலித்திருக்கும். ஒன்றும் ஆகாது, கையை எடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்றுதான் இருந்தது.

பிறை மெல்லத் தடித்து, கடைசியில் முழு வட்டமானது. அத்தை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு கூடத்துக்குப் போய், அப்போதும் நின்றுகொண்டிருந்த உலக்கையைத் தானே சாய்த்து வைத்துவிட்டு, என்னைக் குளிக்கச் சொன்னார்.